மண்ணுக்குள் உழைக்கும் பாட்டாளி

உரம் போடும் வேலை நமக்குப் புதிதல்ல. மூட்டையை அவிழ்த்து, வாளியில் அள்ளி, மரத்துக்கு மரம் வீசிய கைகள் நம்முடையவை. மூட்டையே இல்லாமல், காற்றிலிருந்து உரம் எடுத்து மண்ணுக்குக் கொடுக்கும் உயிர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாக்டீரியாக்களைத் தேடிப் பிடித்துப் பெயர் வைத்தவர்களில் முக்கியமானவர் ஹாலந்து அறிஞர் மார்ட்டினஸ் பையரிங்க்.

1851-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தகப்பனாரின் புகையிலை வியாபாரம் நொடித்துப் போச்சு. அவர் ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்குப் போனார். பிள்ளைக்குப் பாடம் வீட்டிலேதான். பள்ளிக்கூட வாசலை மிதித்தது 12 வயதில். உறவினர் கைகொடுத்ததால் மேல்படிப்புப் படித்தார்.

அவரை, பயறு போட்ட நிலம் செழிக்கும் என்பது குடியானவர்களுக்குத் தெரியும். காரணந்தான் தெரியாது. அந்தச் செடிகளின் வேரிலுள்ள சின்ன முடிச்சுகளை 1888-இல் பையரிங்க் கழுவி, நசுக்கி, உள்ளிருந்த பாக்டீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினார். ரைசோபியம் என்று இன்று சொல்வது அதைத்தான்.

முடிச்சு இல்லாத வெறும் மண்ணில் யார் இருக்கிறார்கள்? ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள். நுண்ணோக்கியில் பலவும் ஒரே மாதிரி தெரியும். அவர் ஒரு யோசனை செய்தார். நைட்ரஜன் சத்து அறவே சேர்க்காத இனிப்பு நீரில் கொஞ்சம் மண்ணைப் போட்டார். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்தவனே அதில் பெருக முடியும், மற்றவன் வாடுவான். சில நாளில் மேலே ஆடை படர்ந்தது. அதிலிருந்து ஒன்றைத் தனியே பிரித்து, உருவம், நிறம், உணவு எல்லாம் பார்த்துப் புது இனம் என்று 1901-இல் அறிவித்தார். பெயர் அசோட்டோபேக்டர் குரூகாக்கம். இன்று மரபணுவையும் ஒப்பிட்டுத்தான் புது இனம் என்று ஒப்புகிறார்கள்.

மாணவர்களிடம் அவர் மிகக் கடுமையானவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1931-இல் மறைந்தார்.

முகத்தைப் பார்த்து மட்டுமல்ல, செய்யும் வேலையைப் பார்த்து ஆளை அறிந்தார் அவர். பாட்டாளிகளாகிய நமக்கு இது பிடித்த பாடம். ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே பயறு இனக் கொடியைப் படரவிடுவதும் இந்த முடிச்சுகளை நம்பித்தான். பிள்ளைகளுக்கு ஒரு முடிச்சைக் கிள்ளிக் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.