திலகரும் பதினெட்டு ஜூரர்களும்

1908-ஆம் ஆண்டு ஜூலை 22. இரவு மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. பம்பாய் ஹைகோர்ட்டில் கூட்டம் கலையவில்லை. உள்ளறைக்குச் சென்றிருந்த ஒன்பது ஜூரர்களும் திரும்பி வந்து அமர்ந்தார்கள். எழுவர் முடிவு குற்றவாளி என்பது. இருவர் முடிவு குற்றவாளி அல்ல என்பது. கூண்டில் நின்றவர் லோகமான்ய பால கங்காதர திலகர். மறுநாள் அவருக்கு 52 வயது நிறைகிறது.

தீர்ப்பு என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் வழங்கிவிடுகிறோம். ஜூரி முறை இருந்த நாளில் அது இரண்டு காரியம். குற்றம் உண்டா, இல்லையா என்று சொல்வது ஜூரர் பொறுப்பு. தண்டனை நீதிபதியின் பொறுப்பு. ஏன் அப்படி முடிவு செய்தோம் என்று ஜூரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்நாளில் இங்கிலாந்தில் பன்னிரண்டு பேரும் ஒருமனப்பட்டால்தான் ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியும். இங்கேயோ ஹைகோர்ட்டில் ஒன்பது பேரில் ஆறு பேர் ஒத்து, நீதிபதியும் இசைந்தால் போதும்.

இந்தச் சிறு வித்தியாசம் திலகரை இருமுறை சிறைக்கு அனுப்பியது.

ரத்தினகிரியில் 1856-ல் பிறந்த திலகர் சட்டம் படித்தவர். ஆனால் வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் அவரை இழுத்துக்கொண்டன. 1881-ல் 'கேசரி' பிறந்தது. 1897-ல் பூனாவில் பிளேக் பரவிய வேளையில், அதிகாரி ராண்டைச் சிலர் சுட்டார்கள். 'கேசரி'யின் எழுத்து ராஜத்துவேஷம் என்று திலகர் மீது வழக்கு வந்தது. ஜூரர்களில் ஐரோப்பியர் ஆறு பேர். அவர்கள் குற்றவாளி என்றார்கள். இந்தியர் மூவர், அவர்கள் இல்லை என்றார்கள். சட்டத்துக்கு வேண்டிய ஆறு சரியாகக் கிடைத்துவிட்டது! பதினெட்டு மாதக் கடுங்காவல். லண்டன் பிரிவி கவுன்சிலில் அஸ்குவித் வாதாடியும் அப்பீலுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

1908 வழக்குக்குக் காரணம், முஸாபர்பூர் வெடிகுண்டுச் சம்பவத்துக்குப் பின் 'கேசரி'யில் வந்த கட்டுரைகள். ஜாமீன் கேட்டு வாதாடியவர் ஜின்னா. மறுத்தவர் நீதிபதி தாவர். இதே தாவர்தான் 1897-ல் பாரிஸ்டராக நின்று திலகருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர். விதியின் வேடிக்கை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

திலகர் தாமே வாதாடினார். பல நாட்களாக மொத்தம் 21 மணி 10 நிமிஷம் பேசினார். தாம் எழுதியது மராத்தி. தம்மைக் கூண்டில் ஏற்றியது சர்க்காரின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு என்று சொல்லுக்குச் சொல் எடுத்துக் காட்டினார். முடிவு ஜூரர் கையில்தான் இருக்கிறது, நீதிபதியின் அபிப்பிராயம் அவர்களைக் கட்டாது என்றும் வற்புறுத்தினார். ஐரோப்பிய ஜூரர் எழுவர் மனமும் இளகவில்லை. விடுதலை என்ற இருவரும் பார்ஸிகள். நீதிபதி தாவரும் பார்ஸிதான். அவர் எழுவர் பக்கம் நின்று, ஆறு வருஷ நாடுகடத்தலும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார். திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே தண்டனை விதித்து அன்றைக்குப் பதினைந்தே நாள்.

பம்பாய் மில் தொழிலாளர்கள் வருஷத்துக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

மாண்டலே சிறையில் திலகர் 'கீதா ரகஸ்யம்' எழுதினார். 1912-ல் மனைவி இறந்த செய்தியும் அங்கேதான் அவருக்கு எட்டியது. 1914-ல் விடுதலையானார். 1916-ல் மறுபடியும் வழக்கு. பேச்சுக்காக நன்னடத்தை ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். இம்முறை ஜூரி இல்லை. பம்பாய் ஹைகோர்ட்டில் ஜின்னா வாதாட, பாட்செலர், ஷா என்ற இரு நீதிபதிகளும் காரணங்களைச் சொல்லி அந்த உத்தரவைத் தள்ளினார்கள். நாலு வருஷம் கழித்து, 1920 ஆகஸ்டு 1-ந் தேதி திலகர் காலமானார்.

1908-ல், தண்டனைக்கு முன் சொல்ல ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டபோது, ஜூரர் என்ன முடிவு செய்தாலும் தாம் நிரபராதியே என்று திலகர் பதில் சொன்னார். அவரது நூற்றாண்டான 1956-ல் அந்த வார்த்தைகளைக் கல்லில் பொறித்து, அதே கோர்ட் ஹாலின் வாயிலில் பதித்தார்கள். திறந்து வைத்தவர் பம்பாய்ப் பிரதம நீதிபதி சாக்ளா.