இருட்டுக்கு அஞ்சாத கேமராக்காரர்

மண்டபங்களில் ஃபிளாஷ் அடித்து எடுக்கும் போட்டோக்களில் எல்லோரும் விறைப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபிளாஷே இல்லாமல், அறையில் இருந்த விளக்கு வெளிச்சத்திலேயே உலகத் தலைவர்களைப் படம் பிடித்த ஒருவர் இருந்தார். அவர்தான் எரிக் சாலமன்.

1886-ல் பெர்லினில் ஒரு வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். விலங்கியல், அப்புறம் நம்மைப் போல இன்ஜினியரிங், கடைசியில் சட்டம் என்று படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போரில் கைதியானார். போருக்குப் பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு விழுந்தது. குடும்பச் சொத்தும் போனது. டாக்டர் பட்டம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடவில்லை. வாடகைக் கார் ஓட்டினார். பிறகு ஒரு பத்திரிகை நிறுவனத்தில் விளம்பர வேலை பார்த்தார். கேமராவைக் கையில் எடுத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது!

அந்தக் காலத்தில் அறைக்குள் படம் எடுக்க மக்னீசியம் பொடியைக் கொளுத்துவார்கள். பளீரென்று வெளிச்சம், பின்னாலேயே புகை. கோர்ட்டில் இதை யார் விடுவார்கள்? சாலமன் தேர்ந்தெடுத்தது, 1924-ல் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த எர்மனாக்ஸ் என்ற சின்ன கேமரா. அதன் லென்ஸ் எஃப் 1.8.

இந்த எண் என்ன? லென்ஸின் குவியத் தூரத்தை, அது திறக்கும் வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது. எண் குறைந்தால் வாய் பெரிசு. எஃப் 3.6-ஐ விட எஃப் 1.8-ல் விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. ஒரு விநாடி கேட்ட படத்துக்குக் கால் விநாடி போதும்.

ஆனா எதுவும் சும்மா கிடைக்காது. வாய் பெரிசானால் ஃபோகஸ் ஆழம் குறையும். முன்னால் இருப்பவர் தெளிந்தால் பின்னால் இருப்பவர் மங்குவார். கால் விநாடியில் கை நடுங்கினாலும் படம் போச்சு. அதனால் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தூரத்தைக் கணித்து, ஆட்கள் அசையாத நொடிக்காகக் காத்திருப்பார். ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி பிளேட்டை வேறு மாற்ற வேண்டும்!

1928-ல் கேமராவுக்குத் தடை இருந்த பெர்லின் கோர்ட்டில், தொப்பிக்குள் அதை மறைத்து வைத்து ஒரு கொலை வழக்கைப் படம் எடுத்தார். 1930-ல் ஹேக் மாநாட்டில், நள்ளிரவு தாண்டிக் களைத்துக் கிடந்த மந்திரிகளை எடுத்தார். பெரிய மனிதர்களும் நம்மைப் போல் தூங்கி வழிபவர்கள்தான் என்று ஜனங்கள் கண்டார்கள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் சாலமன் நெதர்லாந்தில் வாழ்ந்தார். 1940-ல் அந்த நாட்டையும் ஜெர்மன் படை பிடித்தது. குடும்பத்துடன் ஒளிந்திருந்தும் பிடிபட்டார். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவரும், மனைவியும், இளைய மகனும் கொல்லப்பட்டார்கள். மறைத்து வைத்திருந்த நெகடிவ்கள் பல தப்பின. போருக்குப் பின் மூத்த மகன் அவற்றைத் தேடிச் சேர்த்தார்.

நண்பர்களே, இன்று பல செல்போன்களிலும் எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறது. சென்சார் சின்னது என்பதால் இருட்டில் அது திணறும், ஐ.எஸ்.ஓ.வை ரொம்ப ஏற்றினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஃபிளாஷை அணைத்து, போனை ஒரு தூணில் சாய்த்து, ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கி, ஆள் அசையாத நேரம் பார்த்து எடுத்துப் பாருங்கள். விலை உயர்ந்த கேமரா வாங்க நம்மில் பலர் வீட்டில் வசதி இல்லை. என் வீட்டில் படிக்க வந்ததே நான்தான் முதல் ஆள். ஆனால் கணக்கும் பொறுமையும் கடையில் விற்பதில்லை. அவை நம் கையில்தான் இருக்கின்றன. இருக்கும் வெளிச்சம் போதும், அதை வாங்கத் தெரிந்தால்!