ஸர் ஜான் சைமன்

மக்களை வருத்தும் நோய்களுள் எதனை முதற்கண் ஆராய்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரோ, அரசாங்கக் காரியதரிசியோ? இங்கிலாந்தில் இவ்வினாவினாலேயே உயர்ந்து, இதனாலேயே பதவி துறந்தவர் ஸர் ஜான் சைமன்.

இவர் 1816-ஆம் ஆண்டு லண்டனிற் பிறந்தார், ரணவைத்தியம் பயின்றார். 1848-இல் லண்டனின் பழைய நகர்ப்பகுதிக்கு முதற் சுகாதார வைத்திய அதிகாரியாக நியமிக்கப்பெற்றார். 1856-இல் இவர் வெளியிட்ட வாந்திபேதி அறிக்கை பெரிதும் கவனிக்கத்தக்கது. தென் லண்டனில் இரு கம்பெனியார் ஒரே தெருக்களில் நீர் வழங்கினர். ஒரு சாரார் தேம்ஸ் நதியின் மேற்பகுதியில் நீர் எடுத்தனர்; மற்றையோர் சாக்கடை கலக்குமிடத்தில் எடுத்தனர். 1853-54-இல் முன்னவர் நீரைப் பருகியோருள் 10,000 பேருக்கு 37 பேரும், பின்னவர் நீரைப் பருகியோருள் 130 பேரும் மாண்டனர். ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர் இவ்வுண்மையை முன்னரே வீடுவீடாகச் சென்று தேடினார் என்பதை நாம் மறைத்தலாகாது.

1858-இல் அரசியின் ஆலோசனைச் சபையாகிய பிரிவி கவுன்சில் சைமனைத் தன் வைத்திய அதிகாரியாக ஏற்றது. இப்பதவியிலேதான் அவர்தம் மேதை விளங்கிற்று. கொள்ளைநோய் வரட்டுமென்று அவர் காத்திருந்தாரல்லர். மரணப் பதிவுகளை ஒப்பிட்டு, சாவு மிகுந்த இடங்களுக்கு வைத்தியர்களை அனுப்பினார். கிரீன்ஹோ என்பவர், மட்பாண்டம் வனைவோரும் எஃகு தீட்டுவோரும் தாம் சுவாசிக்கும் தூசியாலேயே நெஞ்சுநோயுற்று மடிவதைக் கண்டறிந்தார். 1862-இல் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர் வாடியபோது, அவர்தம் உணவை எட்வர்ட் ஸ்மித் என்பவர் ஆராய்ந்தார். தூசியும் பட்டினியும் அரசாங்க ஆராய்ச்சிக்குரிய பொருள்களே என்று துணிந்தமையை நாம் சைமனின் தலையாய தொண்டெனக் கருதுகிறோம். இவ்வறிக்கைகள் ஆண்டுதோறும் பார்லிமெண்டில் வைக்கப்பெற்றன. ஆதலின் அவர் எவர்க்கும் விடை கூறாது நடந்தார் என்பதும் பொருந்தாது. விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்றே ஆண்டொன்றுக்கு 2,000 பவுன் மானியமும் கிடைத்தது.

1871-இல் ஸ்தல ஸ்தாபன போர்டு ஏற்பட்டது. ஏழைகளுக்கான செலவைச் சுருக்கிப் பழகிய அலுவலர் கையில் சுகாதாரமும் ஒப்படைக்கப்பட்டது. நோயுற்ற ஊரைப் பார்வையிடவும் வைத்தியர் காரியதரிசியின் உத்தரவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. சைமன் எழுதி எழுதிச் சலித்து, 1876-இல் விலகினார்.

1887-இல் ஸர் பட்டம் வந்தது. 1890-இல் ஆங்கிலேயரின் சுகாதார நிலையங்களைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டு, 1904-இல் மறைந்தார். அவர் விலகிய பின்னரும் அந்த ஆராய்ச்சி மானியம் நின்றுவிடவில்லை.