வாள்வீரர் ம. கோ. இராமச்சந்திரனார்

இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் 1917ஆம் ஆண்டு பிறந்த இராமச்சந்திரனார், இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையின் கொடுமை தாங்காத அன்னையார் சத்தியபாமா அம்மையார், மைந்தர் இருவரையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியிற் சேர்த்தார். 1936இல் ‘சதிலீலாவதி’யிற் சிறு வேடம் பூண்டவர், கதாநாயகராகப் பதினோராண்டு காத்திருக்க நேர்ந்தது; 1947இல் ‘ராஜகுமாரி’ அப்பேற்றை அளித்தது. அதன்பின் வாட்போரிலும் சிலம்பத்திலும் அவர் காட்டிய திறமை தமிழுலகையே கவர்ந்தது.

திரையில் வென்ற அவ்வீரரை மெய்வாழ்வு இருமுறை வீழ்த்திற்று. 1959இல் சீர்காழி நாடக மேடையிற் காலெலும்பு முறிந்தது. 1967இல் துப்பாக்கிக் குண்டு கழுத்திற் பாய்ந்து குரலைச் சிதைத்தது. இருமுறையும் எழுந்து மீண்டும் நடித்தார்.

1972இல் அவர் தொடங்கிய கட்சிக்கு, மறு ஆண்டு இடைத்தேர்தலில் முதல் பெருவெற்றியை அளித்தது நமது திண்டுக்கல் தொகுதியே. 1977இல் முதலமைச்சரானார், காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தை 1982இல் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார்.

அன்னாரது ஆட்சியிற் குறை காண்பாரும் உளர். ஆயினும், இளமையிற் பசியை அறிந்தவர் உயர்ந்தபின்னும் அதனை மறவாதிருந்தார். வாளேந்திய கையினும் சோறிட்ட கையே நம் நினைவில் நிற்கத்தக்கது.