பெட்டோம் துரையும் சீமைக் கருவேலும்

பெரியோர் செய்த நன்மையைப் போற்றுதல் எளிது. அந்நன்மையினின்று பின்னாளில் விளைந்த தீமையையும் நடுநிலை பிறழாது ஆராய்தலே அரிது. செஞ்சிக்குச் செல்வோர் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றங்களையும் கண்டு வியப்பர். ஆயின் அவ்வூர்ப் புறத்துத் தரிசுகளிலும் ஏரிகளிலும் முள்ளடர்ந்து நிற்கும் சீமைக் கருவேலின் வரலாற்றை வினவுவார் சிலரே. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் என்னும் ஆங்கிலேயர்.

அவர் 1830 ஆம் ஆண்டில் ஒரு வழக்கறிஞர்க்கு மூத்த மகனாய்ப் பிறந்தார். தந்தையின் தொழிலில் மனம் செல்லாமையால், பதினெட்டாம் பிராயத்தில் படையிற் சேர்ந்து இந்தியா அடைந்தார். 1856 இல் சென்னை இராஜதானியில் வன இலாகா நிறுவப்பெற்றது. அதன் தலைவரான கிளெக்ஹார்ன் என்பார்க்குத் துணைவராய் அமர்ந்த பெட்டோம், 1860 முதல் 1882 வரை தாமே அதன் தலைமையை ஏற்று நடத்தினார். மலைதோறும் அலைந்து மரங்களையும் பெரணிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்தார்; தென்னாட்டு மரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1869 முதல் 1873 வரை வெளிவந்தது. கடப்பை மலைகளில் மட்டுமே வளரும் அரியதொரு சைக்கஸ் மரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அக்காலத்து விறகுப் பஞ்சம் கொடிது. அடுப்பிற்கும் புகைவண்டிக்கும் காடுகள் இரையாயின. ஆகவே வறண்ட நிலத்திலும் விரைந்து வளரும் அமெரிக்கக் கருவேலை இங்கு வளர்க்கலாகுமோ என்று பெட்டோம் 1876 இல் அரசாங்கத்திற்கு எழுதினார். அவ்வாண்டே சென்னை இராஜதானியில் பெரும் பஞ்சம் தலைகாட்டிற்று. 1877 இல் அம்மரம் இந்நாடு வந்தது; கடப்பைச் சீமையில் முதலில் வேரூன்றிற்று. ஏழையின் அடுப்பெரிய வேண்டும் என்ற அவர் கருத்தில் மாசில்லை. அம்மரத்தை வெட்டிக் கரிசுட்டுப் பிழைப்போர் இன்றும் பலர்.

ஆயினும் அம்மரத்தின் வலிமை மண்ணினுள் மறைந்திருந்தது. செஞ்சி உழவர் மணிலாக் கொட்டைச் செடியைப் பிடுங்குங்கால் அதன் வேரிற் சிறு முடிச்சுகளைக் காண்பர். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஊட்டுகின்றன. இவ்வுண்மையை ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர் வெளியிட்டது 1886 இல். அஃதாவது பெட்டோமின் கடிதத்திற்குப் பத்தாண்டு பின்னர். சீமைக் கருவேலும் அவ்வினத்ததே. பிற செடிகள் வாடும் வறிய மண்ணில் அது தானே உரம் தேடித் தழைக்கின்றது. இலையுதிர்த்துத் தன் அடிமண்ணையும் வளப்படுத்துகின்றது. ஆனால் அதன் நெருங்கிய நிழலிலும் இலைச்சாற்றிலும் நாட்டுப் புற்கள் நலிகின்றன.

பகையாளி வளர்த்த வளம் பிறிதொரு பகையாளிக்கு விருந்தாதலும் உண்டு. மரத்தை வெட்டிய பின்னும் மண்ணில் தழைச்சத்து எஞ்சியிருக்கும். அதனை மெல்ல வளரும் நாட்டுச் செடிகளினும், விரைந்து வளரும் பார்த்தீனியம் முதலிய அயற்களைகளே முந்தி உண்டு கொழுக்கும். ஹவாய்த் தீவின் எரிமலை மண்ணில் புகுந்த மைரிக்கா என்னும் மரமும் இவ்வாறே தழைச்சத்தைப் பெருக்குதலை ஆராய்ச்சியாளர் 1987 இல் விளக்கினர். அதனை அகற்றிய இடங்களில் அயற்புற்கள் புகுந்தன. வறிய மண்ணில் ஒன்று மற்றொன்றிற்கு வழிகாட்டும். வளமுற்ற மண்ணில் விரைந்தது வெல்லும். ஆதலின் வெட்டுதலோடு அமையாது, வெட்டிய இடத்தில் உடனே நாட்டு மரங்களை நட்டு, முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் களைதல் வேண்டும்.

பெட்டோம் 1911 இல் இங்கிலாந்தில் காலமானார். செஞ்சிக் கோட்டை 2025 இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதன் மதில்களைக் காக்க முனையும் நாம் அதனைச் சூழ்ந்த மண்ணையும் காத்தல் கடனாகும். அவரை இகழ்தல் அறமன்று. அவர் அறிய இயலாததை அறிந்தும் நாம் வாளாவிருத்தலே பெரும் பிழையாம்.