சீழ் படிந்த கட்டுத்துணியில் கிடைத்த டிஎன்ஏ: ஃபிரெடரிக் மீஷர் யார்?

எச்சிலோ ரத்தமோ கொடுத்து நீங்கள் ஜீனோம் டெஸ்ட் எடுத்திருக்கலாம். இல்லை, ஆபீஸில் யாராவது எடுத்ததைக் கேட்டிருக்கலாம். சில வாரத்தில் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடும். நாம் வியந்து பேசுவதெல்லாம் சீக்வென்சிங் மெஷினைப் பற்றித்தான். ஆனால் லேபில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதற்குள் போகும் டிஎன்ஏ சுத்தமாக இல்லாவிட்டால் ஒன்றும் தேறாது.

இந்தப் பாடத்தை முதலில் கற்றவர், டிஎன்ஏ என்ற பெயரே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஒரு சுவிஸ் மருத்துவர்.

டாக்டர் ஏன் லேபுக்குப் போனார்?

மீஷர் 1844-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். அப்பா மருத்துவப் பேராசிரியர். தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ் பெயர்பெற்ற உடற்கூறு நிபுணர். மீஷரும் மருத்துவம் படித்தார். ஆனால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. நோயாளியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்க வேண்டிய தொழிலில் இது பெரிய தடை. அதனால் 1868-ல் ஜெர்மனியின் டியூபிங்கனுக்குப் போய், ஃபெலிக்ஸ் ஹோப்பே-சேய்லரிடம் ஆய்வில் சேர்ந்தார். லேப் இருந்தது ஒரு பழைய கோட்டையில். மீஷர் வேலை செய்த இடம், அந்தக் கோட்டையின் முன்னாள் சமையலறை!

சீழ் எதற்கு?

உயிரணு எதனால் ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் நோக்கம். அதற்கு வெள்ளை அணுக்கள் நிறைய வேண்டும். நிணநீர்க் கணுக்களில் போதுமான அளவு கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனையிலிருந்து கட்டுத்துணிகளை வாங்கிவரத் தொடங்கினார். கிருமிநாசினி பரவலாகாத காலம், சீழுக்குப் பஞ்சமே இல்லை.

கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதா? அவர் செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். கெட்டுப்போன வாடை வந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்றைய லேப்களில் சாம்பிள் வந்ததும் நடக்கும் தரச் சோதனையும் இதைப் போன்றதுதான். உயிரணு சிதையத் தொடங்கினால் அதிலுள்ள நொதிகளே டிஎன்ஏவைத் துண்டாடிவிடும். பிறகு எந்த மெஷினாலும் அதை ஒட்டவைக்க முடியாது.

அடுத்து, அணுக்கள் உடையாதபடி சோடியம் சல்பேட் கரைசலில் கழுவி வடிகட்டினார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வாரக்கணக்கில் வைத்து உட்கருவைப் பிரித்தார். கொழுப்பை ஆல்கஹாலில் நீக்கினார். ஒட்டியிருந்த புரதத்தை என்ன செய்வது? பன்றியின் இரைப்பையிலிருந்து பெப்சின் நொதியை எடுத்து, அதைக் கொண்டு செரிக்க வைத்தார். இன்று லேபில் புரோட்டீனேஸ் கே என்ற நொதி செய்வதும் இதே வேலைதான்.

1869-ல் அவர் கையில் கிடைத்தது ஒரு புதுப்பொருள். அதில் பாஸ்பரஸ் ஏராளம். கந்தகம் இல்லை. அப்படியானால் அது சாதாரணப் புரதமாக இருக்க முடியாது. உட்கருவில் கிடைத்ததால் நியூக்ளின் என்று பெயர் வைத்தார். ஹோப்பே-சேய்லருக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாச் சோதனையையும் தானே திரும்பச் செய்து பார்த்தார். கட்டுரை அச்சேற 1871 ஆகிவிட்டது.

குளிரில் ஏன் வேலை?

பாசெல் திரும்பிய மீஷர், 28 வயதில் பேராசிரியரானார். இப்போது சீழ் தேவையில்லை. ரைன் நதியில் சால்மன் மீன்கள் இருந்தன. அவற்றின் விந்தணுத் தலை கிட்டத்தட்ட முழுக்க உட்கருதான். இன்னும் சுத்தமான நியூக்ளின் எடுக்க இதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை. ஆனால் அது சீக்கிரம் கெட்டுவிடும், ஃபிரிட்ஜும் கிடையாது. எனவே குளிர்காலத்தில் விடியுமுன்னே, கணப்பு மூட்டாத அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

இன்று அந்த ஜன்னலின் இடத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருக்கிறது. சுத்தத்தை அளக்க 260/280 என்ற ஒளி உறிஞ்சல் விகிதம் பார்க்கிறார்கள். 1.8-ஐ ஒட்டி இருந்தால் புரதக் கலப்பு பெரிதாக இல்லை என்று அர்த்தம். ஆனால் சுத்தம் மட்டும் போதாது. ஒரே மூச்சில் பல்லாயிரம் எழுத்துகளைப் படிக்கும் நீள்வாசிப்பு மெஷின்களுக்கு இழை முழுசாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் டியூபை வேகமாகக் குலுக்கக் கூடாது, திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கக் கூடாது என்கிறார்கள். மீஷரின் அமில முறை இந்தத் தேர்வில் தேறாது, அமிலம் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். ஆனால் புதிதாக எடு, குளிரில் வை, புரதத்தை நீக்கு என்ற அவரது ஒழுங்கு இன்றும் மாறவில்லை.

பெயர் ஏன் மறந்துபோனது?

பரம்பரைக் குணங்களைக் கடத்துவது நியூக்ளின்தான் என்று மீஷரே நம்பவில்லை. ஒரே பொருளால் இவ்வளவு வேறுபாடுகள் வர முடியாது என்று நினைத்தார். 1889-ல் ரிச்சர்ட் ஆல்ட்மன் அதற்கு நியூக்ளிக் அமிலம் என்று பெயரிட, நியூக்ளின் என்ற சொல்லும் மெல்ல மறைந்தது. 1895-ல், 51 வயதில், டாவோஸில் காசநோயால் மீஷர் இறந்தார். மரபுச் செய்தி டிஎன்ஏவில் இருக்கிறது என்பதற்கு ஆஸ்வால்ட் ஏவரி குழு சான்று காட்டியது 1944-ல். 1953-ல் இரட்டைச் சுருள் வந்தது. புகழ் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது.

அவர் எடுத்த நியூக்ளின் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் டியூபிங்கனில் இன்னும் இருக்கிறது.

அடுத்த முறை சாம்பிள் சரியில்லை, திரும்பக் கொடுங்கள் என்று லேபிலிருந்து போன் வந்தால் எரிச்சல்படாதீர்கள். தப்பான ரிப்போர்ட்டை உங்கள் கையில் கொடுக்காமல் ஒருவர் அங்கேயே தடுத்திருக்கிறார்.