முள்ளிலே மலர்ந்த உண்மை

காலில் முள் தைத்து முறிந்தால் அவ்விடம் சிவந்து வீங்கும். பின்பு சீழ் கட்டும். நாம் அதனை வெறுந் துன்பமென்றே எண்ணுகின்றோம். அவ்வீக்கம் நம்மைக் காக்க உடல் நடத்தும் போரின் அடையாளம் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் இலியா மெச்னிக்கோவ்.

இன்றைய உக்ரேன் நாட்டில், கார்க்கோவ் நகரையடுத்த கிராமமொன்றில் 1845ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நான்காண்டுச் சர்வகலாசாலைப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் ஒடெசாவில் விலங்கியற் பேராசிரியரானார். அறிவு வாய்த்த அளவுக்கு அமைதி அவருக்கு வாய்க்கவில்லை. சயரோகத்தால் நலிந்திருந்த லுட்மில்லாவை 1869இல் மணந்தார். மணமகளை நாற்காலியில் இருத்தியே தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். நான்காண்டுகள் பேணியும் 1873இல் அவ்வம்மையார் காலமானார். துயர் தாங்காத மெச்னிக்கோவ் தம்முயிரைத் தாமே போக்க முயன்று பிழைத்தார். இரண்டாம் மனைவி ஒல்கா நெருப்புக்காய்ச்சலில் வீழ்ந்த காலத்திலும் மீண்டும் அவ்வாறே முயன்று பிழைத்தார். ஒல்காவும் நலம் பெற்றார்.

1882இல் ஒடெசாப் பதவியைத் துறந்து, குடும்பத்துடன் சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்தனர். தனித்திருந்த அவர், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரை நுணுக்குக்காட்டியில் நோக்கினார். அதனுள்ளே சில கலங்கள் அங்குமிங்கும் ஊர்ந்தன. அன்னியப் பொருள் புகுந்தால் இவை அதனை எதிர்க்குமோ என்ற எண்ணம் பிறந்தது. உடனே தோட்டத்து ரோசாச் செடியின் முட்களை எடுத்து அவ்வுயிரின் தோலினுட் செருகினார். அன்றிரவு உறக்கமில்லை. விடியற்காலையிற் பார்த்தபோது கலங்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன!

பின்னர் நீர்த்தெள்ளின் உடலிற் புகுந்த பூஞ்சண வித்துக்களைக் கலங்கள் விழுங்கிச் செரிப்பதையுங் கண்டார். நம் குருதியின் வெண்குழியங்கள் செய்வதும் இதுவே. கிருமியை அணுகி, தம் உடலால் வளைத்து, உள்ளே ஒரு பையில் அடைத்து, நொதியங்களைச் சொரிந்து அழிக்கின்றன. போரில் மடிந்த வெண்குழியங்களே பெரும்பாலும் சீழாகின்றன. இத்தகைய கலங்களே தின்குழியங்கள் எனப்படுகின்றன.

இக்கொள்கையை ஜெர்மானிய அறிஞர் பலர் ஏற்கவில்லை. குருதி நீரிலுள்ள பொருள்களே கிருமியைக் கொல்கின்றன என்றனர். 1888இல் பாரிசில் லூயி பாஸ்டரின் ஆராய்ச்சி நிலையத்தில் இடம்பெற்ற மெச்னிக்கோவ், கால் நூற்றாண்டுக்கு மேலாக அங்கே உழைத்தார். 1908இல் நோபெல் பரிசு அவருக்கும், மறுதரப்பின் பேரறிஞர் போல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அது பொருத்தமே. குருதி நீரின் பிறபொருளெதிரிகள் கிருமியைப் பற்றிக்கொள்ள, வெண்குழியங்கள் அதனை எளிதில் விழுங்குகின்றன என்பதை இன்று அறிவோம்.

1916இல் பாரிசில் அவர் மறைந்தார். வாழ்வை வெறுத்து அவர் சாவை நாடிய நாட்களிலும், அவர் குருதியிலே வெண்குழியங்கள் ஓயாது காவல் புரிந்தே நின்றன. அவற்றை அவர் அறிந்ததோ பின்னாளில். மனஞ் சோர்ந்திருக்கும் வேளையிலும் நம்முள்ளே நமக்காகப் போராடுவன உண்டு. இளைஞராகிய நாம் இதனை மறவாதிருப்போமாக.